மாத்திரையை நிறுத்திய சாட்சி

எஸ்டேட் சபைகளில் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

"உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க மூப்பரே, இனிமையா இருக்கட்டும்" என்று கேட்டவன் உங்களில் ஒருவன்தான். இனிமை வேண்டுமென்றால் பிரிஞ்சாங் சந்தையில் ஸ்ட்ராபெரி விற்கிறார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கோபத்தில் இருக்கிறேன். கோபமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். களை வெட்டினேன், மருந்தடித்தேன், பிறகு ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் ஆனேன். என் டிவிஷனில் எந்த மலையில் எந்த வாரம் தேயிலைக் கொழுந்து வெட்டுவது என்பதை துரை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்வார். பாதிரியார் மாதம் ஒருமுறை மேலே ஏறி வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் சபைக்கு மூப்பரான நான்தான் பொறுப்பு. கூரைக்குத் தகரம் ஏற்றியவனும் நான், அதன் கீழே நின்று பிரசங்கம் செய்தவனும் நான். வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் குறிப்பெடுத்திருக்கிறார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இப்போது கோபத்துக்குக் காரணம். உங்கள் கைப்பேசிக் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். போன வாரம் முழுக்க அதில் ஒரே சண்டை. பாதிப் பேர், "அன்புதான் முக்கியம், யார் மனதும் நோகக் கூடாது" என்கிறீர்கள். மீதிப் பேர், "சத்தியத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஊர் என்ன நினைத்தாலும் சொல்லியாக வேண்டும்" என்கிறீர்கள். என் பேத்தியை வைத்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அத்தனை செய்தியில் ஒரு மனுஷன் பேர் இல்லை, ஒரு வீடு இல்லை, ஒரு வியாதி இல்லை. யாரிடம் அன்பு காட்டுகிறீர்கள், யாரிடம் சத்தியம் சொல்லப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லை. கைப்பேசியைப் பிடுங்கி சோபாவில் எறிந்தேன்.

அதனால் உங்களுக்கு ஒரு மனுஷியைக் காட்டுகிறேன். பேர் ரேவதி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மூப்பரே. ஆனா என்ன பாவம்னு மட்டும் எழுதிறாதீங்க" என்றாள். எழுத மாட்டேன்.

ரேவதி ரிங்லெட்டில் பிறந்தவள், எஸ்டேட் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கல்யாணமாகி வந்தாள். புருஷன் கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். வாரத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். வீட்டில் அவளும் மாமியார் அஞ்சலையும்தான். ரேவதிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தானா ராத்தா ஆஸ்பத்திரி மாத்திரையில் அது அடங்கிப்போய்ப் பல வருஷமாக வரவே இல்லை. மாத்திரை தவறாதவரைக்கும் எந்த வேலையும் செய்யலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அஞ்சலை கோயில் பக்தை. மருமகளுக்காக வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள். ரேவதி எங்கள் சபைக்கு வர ஆரம்பித்தபோது அஞ்சலை தடுக்கவில்லை. "எந்தச் சாமிய வேணா கும்புடு. மாத்திரைய மட்டும் விட்றாத" என்று சொன்னாளாம். அந்த வீட்டில் இறையியல் அவ்வளவுதான். உங்கள் குழுவில் நான் கேட்டதைவிட அது எவ்வளவோ மேல்.

ரேவதி என் டிவிஷனில் மிஷின் பிடிப்பவள். உங்களில் பட்டணத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து வெட்டும் மிஷினை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். நடுவில் செடியின் தலை மேல் கத்தி ஓடும். சரிவில் ஒருவர் கால் தவறினால் கத்தி இன்னொருவரையும் சேர்த்து இழுக்கும். இப்போது இந்த வேலையில் பெரும்பாலும் வங்காளதேசத்துப் பையன்கள். நம் பெண்களில் மிஷின் பிடித்தவர்கள் ரேவதியும் பாக்கியமும்தான். பாக்கியம் கோயில் கமிட்டிக்காரர் வீட்டுப் பெண். வாய் கொஞ்சம் நீளம், வேலையில் கை அதைவிட வேகம்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், எங்கள் சபை இளைஞர்கள் கீழேயிருந்து ஒரு பிரசங்கியாரைக் கூட்டி வந்தார்கள். நல்ல கோட்டு, நல்ல குரல். ஜெப வேளையில் ரேவதியின் தலையில் கை வைத்தார். காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிற்பாடுதான் தெரிந்தது: மருந்தை நம்புகிறவள் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

சில வாரம் ஒன்றும் ஆகவில்லை. வலிப்பு அப்படித்தான், உடனே வந்து கதவைத் தட்டாது. பிரசங்கியார் மறுபடி வந்த ஞாயிற்றுக்கிழமை, சாட்சி வேளையில் ரேவதி எழுந்தாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டாவது பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்லலாம். பாதியில் யாரும் நிறுத்தக் கூடாது. முடிந்ததும் எல்லாரும் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். நல்ல வழக்கம். வாய் திறக்கவே பயந்த எத்தனையோ பெண்கள் அந்த வேளையில்தான் முதல்முதலாக ஒரு கூட்டத்தின் முன்னால் பேசினார்கள். ஆனால் எந்த நல்ல வழக்கத்துக்குள்ளும் கெட்டிக்காரன் ஒருவன் புகுந்துகொள்ள இடம் இருக்கும்.

ரேவதி தான் சுகமானதைச் சொன்னாள். மாத்திரையைத் தூக்கிப் போட்டதைச் சொன்னாள். பிரசங்கியார் பக்கத்தில் நின்று, "முன்னால எந்த இருட்டுல இருந்த, அதையும் சொல்லு மகளே" என்றார். அவள் தடுமாறினாள். பிறகு, மாமியார் எடுத்த பால்குடமெல்லாம் வெறும் பாலைத் தரையில் ஊற்றினதுதான், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிட்டாள். சபையே எழுந்து கைதட்டியது. நான் தட்டவில்லை. இளைஞர் தலைவன் முழுவதையும் கைப்பேசியில் பிடித்து, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

அவன் அதைச் சத்தியம் என்றான். ஒரு மாமியார் மருமகளுக்காக வெறுங்காலோடு நடந்ததை ஊர் சிரிக்கக் காட்டுவது எந்த ஊர் சத்தியம்?

அந்த வாரமே பாக்கியம் என்னிடம் வந்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில், எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து வந்தாள்.

"மண்டோரண்ணே, ரேவதி வெட்டிக்கிட்டு இருக்கும்போதே நின்னுட்டா. கண்ணு தொறந்துதான் இருக்கு, உள்ள ஆளு இல்ல. நான் மிஷின அமத்திட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சு, ஏன் அமத்துனன்னு என்னையே கேக்குறா."

"வேற யாரும் பாத்தாங்களா?"

"பாக்கல. நான் யார்கிட்டயும் சொல்லல. அந்த வீடியோவப் பாத்து எனக்கும் வயிறு எரியுது, அது வேற. நீங்க உங்க சபையில சாட்சி சொல்லிக் கைதட்டிக்குங்க, யாரு வேணாங்குறா. ஆனா கத்தி என் பக்கமும் ஓடுதுலா."

தம்பிகளே, இந்த ஒரு வாக்கியத்தை எழுதி உங்கள் மேசை மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். சபைக்குள்ளே நாம் சொல்லுகிற எதுவும் சபைக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை.

மறுநாள் காலையில் ரேவதியை மிஷினிலிருந்து எடுத்தேன். ரோட்டோரம் சமமான இடத்தில் கையால் கொழுந்து பறிக்க அனுப்பினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பேச்சு. கோயில்காரர்களுக்குப் பயந்து மூப்பர் ரேவதியைத் தண்டித்துவிட்டார் என்று சபையில் சொன்னார்கள். வீடியோவை மூடி மறைக்கத்தான் மண்டோர் நாடகம் ஆடுகிறார் என்று கோயில் பக்கம் சொன்னார்கள். நான் மனுஷரைக் கோபப்படுத்துவதில் கெட்டிக்காரன், ஆனால் ஒரே நாளில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோபப்படுத்தியது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி எங்கள் சபைக்கு வருகிற டீச்சர், தானா ராத்தாவில் இருப்பவள், நல்ல பெண். இன்னொருவன் அந்த இளைஞர் தலைவன். பாக்கியம் பார்த்ததை இரண்டு பேரிடமும் சொன்னேன்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "அவகிட்ட இப்ப ஒன்னும் சொல்லாதீங்க மூப்பரே. மனசு ஒடைஞ்சிடும். இப்பத்தான் அவ மொகத்துல சிரிப்பே வந்துருக்கு. அன்பா கூட நடப்போம், ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றாள்.

கூட நடப்பதாம். கத்தி ஓடுகிற சரிவில் கூட நடந்தவள் பாக்கியம். டீச்சர் நடக்கப் போவது தார் ரோட்டில். ஒரு பெண்ணின் முகத்துச் சிரிப்பைக் காப்பாற்ற அவள் உயிரை விட்டுவிடுவதற்கு அன்பு என்று பேர் வைக்கிறார்களே, அதைக் கேட்டுத்தான் எனக்குத் தலைக்கு ஏறுகிறது. அழுகிற முகத்தைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை. அந்தக் கோழைத்தனத்துக்குப் போர்வை போர்த்தி, இரக்கம் என்று சொல்கிறோம்.

இளைஞர் தலைவன் அதற்கு மேல். "சாட்சி சொல்லியாச்சு மூப்பரே, இப்ப பின்வாங்குனா ஊர் சிரிக்கும். ஒருவேள பொய்ச் சாட்சின்னா, அதையும் சபையில நிக்கவச்சு அறிவிச்சிரணும். மறைக்கக் கூடாது" என்றான். பார்த்தீர்களா? முந்தாநாள் அவளைத் தூக்கி வைத்துக் காட்டினவன், இன்றைக்கு அதே வாயால் அவளை நிற்கவைத்து அடிக்கத் தயார். அவனுக்கு ரேவதி தேவையே இல்லை. ஒரு கொடிக்கம்பம் தேவை.

இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டு ரேவதி வீட்டுக்குப் போனேன்.

எனக்கு முன்னால் சபையைப் பார்த்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். பேரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. கெட்ட சேதி சொல்லப் போகிற வீட்டில் முதலில் உட்கார் என்பார் அவர். நின்றுகொண்டு சொல்லுகிறவன் சொன்னதும் ஓடிப்போக நிற்கிறவன் என்பார். அதனால் ரேவதியின் அடுப்படியில் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன்.

"மிஷின் பிடிக்கும்போது நீ நின்னுட்ட. பாக்கியம் பாத்துருக்கா."

"பாக்கியம் கோயில் ஆளு. வேற என்ன சொல்லுவா."

"அவ கையும் அதே மிஷின்லதான் இருக்கு ரேவதி. மாத்திரைய நிறுத்திட்டு அவ கைய வச்சு நீ விசுவாசத்த சோதிக்க முடியாது."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்டாள். "அப்ப என் சாட்சி பொய்யா மூப்பரே?"

இதுதான் அந்த இடம், தம்பிகளே. இந்த இடத்தில் நழுவுவதற்கு எனக்குப் பத்து வார்த்தை தெரியும். ஆண்டவருடைய வழிகள் வேறே, காலம் பதில் சொல்லும், ஜெபிப்போம். பிரசங்க மேடையில் இருபது வருஷம் நின்றவனுக்கு நழுவத் தெரியாதா?

"சாட்சி பொய்தான்" என்றேன். "நீ பொய்க்காரி இல்ல. உன்கிட்ட சொன்னத நம்பி நீ சொன்ன."

அவள் அழவில்லை. சண்டை போடுவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு யாரும் கைதட்டினதே இல்ல மூப்பரே. ஸ்கூல்ல வலிப்புக்காரி. ரிங்லெட்ல வலிப்புக்காரி. கல்யாணம் பேச வந்தவங்ககூட அதத்தான் கேட்டாங்க. அந்த ஒரு ஞாயித்துக்கெழமதான் எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. அது பொய்யின்னு நீங்க சொல்றீங்க."

  பாக்கியத்தின் கையைப் பற்றி யோசித்திருந்தேன், மாத்திரையைப் பற்றி யோசித்திருந்தேன். இந்தப் பெண் எந்தப் பசியில் அந்தப் பிரசங்கியார் கையில் விழுந்தாள் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. உட்கார்ந்தே இருந்தேன். நின்றுகொண்டு சொல்லியிருந்தால் அவள் வாயிலிருந்து இது வந்திருக்காது, நான் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன்.

கடைசியில், "நாளைக்கி டிரஸ்ஸர்கிட்ட போய் மறுபடி மாத்திரைய ஆரம்பி" என்றேன். எஸ்டேட் கிளினிக்கில் மருந்து பார்க்கிறவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "நீங்க போங்க மூப்பரே" என்றாள். போனேன்.

வெளியே குழாயடியில் அஞ்சலை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். மாத்திரை உறை குறையாமல் இருப்பதை முதல் வாரமே பார்த்துவிட்டாளாம். அப்படியானால் நீயே சொல்லியிருக்கலாமே என்று கொஞ்சம் அதட்டினேன்.

"நான் சொன்னா, கோயில்காரி வயித்தெரிச்சல்ல சொல்றான்னு போயிரும்" என்றாள். "உங்க வீட்டுக் குப்பைய நீங்கதான் அள்ளணும் மூப்பரே. நான் அள்ள வந்தா சண்டதான் வரும்."

மறுநாள் வேலை முடிந்ததும் எஸ்டேட் பொது மண்டபமான டேவானில் கூட்டம். கோயில் கமிட்டி கேட்டுக்கொண்டதால் ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி ஏற்பாடு செய்தார். பால்குடத்தைக் கேவலமாகப் பேசினதற்குப் பதில் வேண்டும் என்பது கேள்வி. நியாயமான கேள்வி. அஞ்சலை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ரேவதி சபைக்காரர்கள் நடுவில் இருந்தாள். டிரஸ்ஸரிடம் போகவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. இரண்டு பக்கத்துப் பையன்களும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நான் எழுந்து, பால்குடத்தைப் பற்றிப் பேசினது எங்கள் தப்பு என்றேன். பேசவைத்தது எங்கள் மேடை, பிடித்து அனுப்பியது எங்கள் கைப்பேசி, அதனால் மன்னிப்புக் கேட்பதும் நாங்கள்தான் என்றேன். கோயில் பக்கம் அமைதியானது. எங்கள் பக்கம்தான் கொதித்தது. இளைஞர் தலைவன் பின்னாலிருந்து, "விட்டுக் குடுத்துட்டாருலா" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அவனுக்கு ஒன்று சொல்கிறேன். அவன் இதைப் படிப்பான். நம்முடைய தப்பைச் சபையாரிடம் சொல்லாமல் ஊராருக்கு முன்னால் ஒத்துக்கொண்டதற்குக் காரணம், தப்பு ஊராருக்கு முன்னால் நடந்தது. அது விட்டுக்கொடுப்பது இல்லை. விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்றால் என்ன என்று நீ இன்னும் படிக்கவே இல்லை.

அப்போது கோயில் பக்கத்து ஆள் ஒருவர் எழுந்தார். "அதெல்லாம் சரி மண்டோர். அந்தப் பொண்ணுக்கு சொகமாச்சா இல்லையா? ஒத்த வார்த்த சொல்லுங்க. வீடியோவுல சொன்னது நெசமா?"

எங்கள் பக்கத்திலிருந்து, "நெசம்னு சொல்லுங்க மூப்பரே" என்று குரல். எல்லார் கண்ணும் என் மேல்.

யோசித்துப் பாருங்கள். உண்மை எனக்குத் தெரியும். "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் யோக்கியன், கூட்டம் முடிந்தது, கோயில்காரர்கள் தோளில் கை போட்டிருப்பார்கள். ஆனால் நேற்று அடுப்படியில் அவளிடம் சொன்ன அதே உண்மை, அந்த டேவானில் வேறொன்றாகிவிடும். அங்கே அது அவளுக்கு மருந்து. இங்கே இவர்களுக்குத் தீனி. வார்த்தை ஒன்றுதான். யார் காதில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறிவிடுகிறது.

"பால்குடம் பத்திக் கேளுங்க, எத்தன தரம் வேணாலும் மன்னிப்புக் கேக்குறேன்" என்றேன். "அவ ஒடம்பு இந்தக் கூட்டத்துக்குப் பொதுச் சொத்து இல்ல. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அவளும் சொல்ல வேண்டியதில்ல."

இரண்டு பக்கமும் கூச்சல். மழுப்புகிறார் என்றார்கள். விசுவாசம் இல்லாதவர் என்றார்கள். கூச்சலுக்கு நடுவில் ரேவதி எழுந்துவிட்டாள்.

"நானே சொல்றேன்" என்றாள். கூட்டம் அடங்கியது. "எனக்கு ஆண்டவர்..." என்று ஆரம்பித்தாள்.

அதோடு நின்றுவிட்டாள். கண் திறந்திருந்தது. உதடு எதையோ மெல்லுகிற மாதிரி அசைந்தது. வலது கை விரல்கள் சட்டை ஓரத்தைப் பிடித்துக் கிள்ளின, கிள்ளின, கொழுந்து கிள்ளுகிற மாதிரியே. பாக்கியம் எங்கிருந்தோ, "புடிங்க அவள" என்று கத்தினாள். நான் போய்ச் சேருவதற்குள் ரேவதி விழுந்துவிட்டாள். கையும் காலும் இழுக்க ஆரம்பித்தன.

அத்தனை கைப்பேசிகளும் அவள் பக்கம் திரும்பின. கோயில் பக்கத்துப் பையன்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். எங்கள் பையன்களும் ஏறினார்கள், அதையும் எழுதத்தான் வேண்டும்.

மூலையில் இருந்த அஞ்சலை எப்படி அங்கே வந்தாள் என்று எனக்குத் தெரியாது. மருமகளை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். குளிருக்குப் போர்த்தியிருந்த கம்பளியை உருவி என் பக்கம் எறிந்தாள். "மறைங்க" என்றாள். பாக்கியம் ஒரு முனையைப் பிடித்தாள், நான் ஒரு முனையைப் பிடித்தேன். மிஷின் பிடிக்கிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்று, அந்தக் கம்பளியை விரித்துப் பிடித்தோம். கோயில் தலைவர் எழுந்து வந்தார். வயதானவர், பால்குட விஷயத்தில் எங்கள் மேல் கடும் கோபத்தில் இருந்தவர். கம்பளிக்கு முன்னால் வந்து, ரேவதிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார்.

"போன கீழ போடுங்கடா" என்றார். "பொம்பளப் புள்ள விழுந்து கெடக்கு."

கைப்பேசிகள் இறங்கின. கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

எஸ்டேட் வேனில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரும் என்று டாக்டர் திட்டினார். யாரைத் திட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, அதனால் எதிரில் நின்ற என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் பிரசங்கியார் எனக்குப் போன் செய்தார். அவளுக்கு வலிப்பு திரும்பியதற்குக் காரணம் அவிசுவாசம், அதுவும் மூப்பருடைய அவிசுவாசம் என்றார். வீடியோவை அழிக்க வேண்டாம், அநேகருக்கு அது ஆசீர்வாதமாக இருக்கிறது என்றார். நான் படிக்காதவன், அதனால் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஐயா, நீங்க ஒரு நாள் மேல வந்து அந்த மிஷினுக்கு மறுமுனையப் புடிங்க. அப்புறம் அவள மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க."

அவர் மறுபடி மலைக்கு வரவில்லை. இளைஞர் தலைவனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே வீடியோவை அழிக்கவைத்தேன். அனுப்பியதெல்லாம் திரும்பி வராது, அது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவன் விரல் அந்தப் பொத்தானை அழுத்துவதை நான் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதும் அவன், சபையில் ஒரு அறிவிப்புச் செய்துவிடலாமா என்று கேட்டான். அறிவிக்க வேண்டியவள் அறிவிப்பாள், நீ வாயை மூடிக்கொண்டு நாற்காலி அடுக்கு என்றேன்.

அவள் அறிவிப்பாளா என்று எனக்கே தெரியாது. நான் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறாளா என்று மட்டும் டிரஸ்ஸரிடம் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், அது போதும்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாவது பாட்டு முடிந்ததும் ரேவதி எழுந்தாள்.  டீச்சர் என்னைப் பார்த்தாள், நிறுத்துங்கள் என்கிற மாதிரி. சாட்சியைப் பாதியில் நிறுத்துவது எங்கள் வழக்கம் இல்லை.

"நான் சொகமாயிட்டேன்னு சொன்னது சரியில்ல" என்றாள். "மாத்திரை சாப்புடுறேன். இன்னமும் சாப்புடுவேன். எங்க அத்த எனக்காக எடுத்த பால்குடத்தப் பத்தி நான் பேசுனது தப்பு. அவங்க எனக்காக நடந்தாங்க. நான் விழுந்தப்ப எங்க அத்தையும் பாக்கியமும் எம் மானத்த மறைச்சாங்க. அதுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்றேன்." கொஞ்சம் நின்றாள். யாரோ கையைத் தூக்குவதைப் பார்த்திருக்க வேண்டும். "யாரும் கைதட்டாதீங்க" என்றாள்.

யாரும் தட்டவில்லை. அவள் உட்காரவும் இல்லை. நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டு இல்லாமல் ஒரு கூட்டத்தின் முன்னால் நிற்க முடியுமா என்று தன்னையே பார்த்துக்கொள்கிற மாதிரி. முடிந்தது. அன்றைக்கு நான் தயாரித்து வைத்திருந்த பிரசங்கம் நல்ல பிரசங்கம். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் விட்ட ஒரே பிரசங்கம் அதுதான்.

வாசலில் ஒரு நிழல் விழுந்தது. அஞ்சலை. செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை, வருகிற எண்ணமும் இல்லை. ஒரு கையில் தண்ணீர் போத்தல், இன்னொரு கையில் சின்ன உறை.

"பேசி முடிச்சாச்சாலா?" என்று சபை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். "மாத்திரை நேரமாச்சு, வா."